ஆயாவுக்கு எது உயிரோ, அங்கிருந்து ஆரம்பியுங்கள்

கேட்டவர் சொன்னது இவ்வளவு: ராயபுரம் பனைமரத்தொட்டிக்குக் கல்யாணமாகி வந்து, கடைசிவரை அதே தெருவில் வாழ்ந்த அவருடைய ஆயா சென்ற ஐப்பசியில் தவறிவிட்டார். தாத்தா ஹார்பரில் வேலை பார்த்தவர், முன்னாடியே போய்விட்டார். ஆயாவின் தங்கை எண்ணூரில் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். ஆயாவைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று பேத்திக்கு ஆசை. கையில் இருப்பது ரேஷன் கார்டும் ரெண்டு போட்டோவும் ஆதாரும்தான். ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருக்கிறது. அது கார்டு எடுத்த இடத்தில் போட்டுக்கொண்ட தேதி என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மீன் குழம்பு, சினிமா, திருவொற்றியூர் வடிவுடையம்மன் மூன்றும் ஆயாவுக்கு உயிர். "இதைத் தவிர எழுத எதுவுமே இல்லையே, எங்கிருந்து ஆரம்பிப்பது?" என்பது கேள்வி.

அந்த மூன்றிலிருந்துதான். பிறந்த ஊர், கல்யாணம், பிள்ளைகள், நோய், சாவு என்று வரிசையாகப் போகாதீர்கள். போனால் ஒரு பக்கத்தில் நின்றுவிடும். அந்த வரிசையில் ஆயா எப்போதும் யாருக்கோ மகள், யாருக்கோ பெண்டாட்டி, இத்தனை பேருக்கு அம்மா. "எல்லாருக்கும் பொங்கிப் போட்டாங்க, யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்று சொந்தக்காரர்கள் கண் கலங்கச் சொல்வார்கள். மனசாரச் சொல்வதுதான். ஆனால் அந்த வாக்கியம் அந்தத் தெருவில் எந்த ஆயாவுக்கும் பொருந்தும். பிள்ளைகளுக்கு வஞ்சிரம் வறுத்துக் கொடுத்துவிட்டு, தனக்கென்று ரெண்டு சங்கரா மீனைக் குழம்பில் போட்டுக்கொண்ட ஆயா உங்களுடையவர் ஒருவர்தான். பிடித்ததில்தான் அவர் தனி ஆளாகத் தெரிவார். தெருவில் இருந்தவர்களுக்கும் அதுதான் ஞாபகம் இருக்கும்.

வடசென்னைப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு எழுதிவைப்பதை நெடுநாளாகச் செய்து வருகிறேன். அதை ஆரம்பித்ததே எங்கள் ஆயாவிடம்தான். புளியந்தோப்பு, தாத்தா பின்னி மில் என்று எல்லாரும் சொல்கிற பி அண்ட் சி மில்லில் நெசவுப் பிரிவு. "உன் கதைய சொல்லு ஆயா" என்று கேட்டால் தாத்தா கதைதான் வரும். மில் சங்கு ஊதுகிற நேரம், சம்பள நாள், ஸ்ட்ரைக். ஒருநாள் மில் ஸ்ட்ரைக்கில் புளியந்தோப்புக் குடிசைகள் எரிந்ததைக் கண்ணால் பார்த்ததுபோலச் சொன்னது. பிறகு கணக்குப் போட்டால், அது 1921-ல் நடந்த பெரிய வேலைநிறுத்தம். அப்போது ஆயா பிறக்கவே இல்லை. மாமியார் சொன்னதைக் கேட்டுக் கேட்டு ஆயாவுக்கு அது சொந்த நினைவாகிவிட்டது. பெரியவர்களிடம் இப்படி நிறைய வரும். பொய் என்று தள்ளிவிடாதீர்கள். யார் வாயிலிருந்து யார் காதுக்கு வந்தது என்று பக்கத்தில் ஒரு வரி குறித்துவையுங்கள், அதுவும் குடும்பச் சரித்திரம்தான்.

சினிமாவைப் பற்றிக் கேட்டதும் ஆயா ஆளே மாறிவிட்டது. சாய்ந்து படுத்திருந்தது எழுந்து குந்திக்கொண்டது. யாரோடு போனது, எந்த டாக்கீஸ், பொம்பளைங்க கியூவில் யார் முடியைப் பிடித்து யார் இழுத்தது, கையில் முடிந்து வைத்திருந்த காசு எவ்வளவு என்று அடுக்கிக்கொண்டே போனது. "நாடோடி மன்னன் பாக்கச்சொல்லோ பெரியவ வயித்துல. படம் ஓடிக்கினே இருக்குது, அப்டியே கலராயிடுச்சு. எனக்கு மயக்கம் வருதோன்னு நெனச்சேன்." அந்தப் படத்தின் பிற்பகுதி மட்டும் கலரில் எடுக்கப்பட்டது, வெளியான நாள் 1958 ஆகஸ்ட் 22. அதாவது எங்கள் பெரியத்தை பிறந்தது 1958 கடைசியிலோ 1959 ஆரம்பத்திலோ. பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் 1956 என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் பிள்ளை தலைக்கு மேலே கையைச் சுற்றி மறுபக்கத்துக் காதைத் தொட்டால் போதும், வாத்தியாரே ஏதோ ஒரு பிறந்த வருஷம் போட்டுச் சேர்த்துக்கொள்வார். ஒரு பொம்பளை ஆசைப்பட்டுப் பார்த்த படம் சர்டிபிகேட்டைத் திருத்தியது. அன்றிலிருந்து யாரிடம் பேசினாலும் முதலில் பிடித்ததைத்தான் கேட்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. படம் வந்த தேதி கீழ் எல்லை மட்டும்தான்; அதற்கு முன்னால் பார்த்திருக்க முடியாது, பிறகு எப்போது வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். எம்.ஜி.ஆர். படங்கள் வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்ப ஓடின. தண்டையார்பேட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் பழைய படத்துக்கும் கூட்டம் நின்றது. அதனால் புதுப்படமாக வந்தபோது பார்த்ததா, பிறகா என்று கேட்டாக வேண்டும். எங்கள் ஆயா விஷயத்தில் கூடப் போன பக்கத்து வீட்டம்மாவும் புதுசு என்றே சொன்னதால்தான் நம்பினேன். உங்கள் ஆயா எந்த டாக்கீசுக்குப் போவார்? அகஸ்தியாவா, மகாராணியா, மின்ட் பக்கம் கிரவுனா? டாக்கீஸ் பெயர் கிடைத்தால் பழைய செய்தித்தாள் விளம்பரத்தில் தேடலாம்; எந்தப் படம் எந்தத் தியேட்டரில் என்று அதில் போட்டிருப்பார்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன. தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் படக்கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகங்கள்கூட இருக்கின்றன. ஆயா பாடிக்கொண்டிருந்த பாட்டு அதில் கிடைத்தால், அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வருஷம் தெரியாது என்று கவலைப்படுகிறீர்கள். ஆயாக்கள் வருஷம் சொல்ல மாட்டார்கள், ஆனால் கணக்கு வைத்திருப்பார்கள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானது 1942 ஏப்ரல். அண்ணா செத்தது 1969 பிப்ரவரி 3, எம்.ஜி.ஆர். போனது 1987 டிசம்பர் 24. கொத்தவால்சாவடி கோயம்பேட்டுக்குப் போனதும் பின்னி மில் மூடியதும் 1996. சுனாமி 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. "அண்ணா செத்தப்ப நம்ம சின்னவன் கைக்கொழந்த, கூட்டத்துல போவாதேன்னு உங்க தாத்தா சண்ட" என்று ஒரு வாக்கியம் வந்தால், அதற்குள் ஒரு பிறந்த வருஷமும், போக வேண்டும் என்ற ஆசையும், ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டையும் இருக்கிறது. மூன்றையும் எழுதுங்கள்.

பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் இன்னொரு வழியும் உண்டு. ராயபுரத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். மாநகராட்சிப் பிறப்புப் பதிவில் பிள்ளையின் பெயர் காலியாக இருந்தாலும் தாய் தகப்பன் பெயரும் விலாசமும் இருக்கும். அந்த விலாசத்தைப் பாருங்கள்; ஆயா இடையில் எந்தத் தெருவுக்குக் குடி மாறினார் என்பது அதில் தெரிந்துவிடும்.

காகிதத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று, சேட்டுக்கடை அடகுச் சீட்டு. ரேஷன் கார்டு உறைக்குள்ளோ அரிசிப் பானைக்கு அடியிலோ அஞ்சறைப் பெட்டியிலோ இருக்கும். தேதி, பெயர், பொருள், எடை, வாங்கின தொகை எல்லாம் அதில் எழுதியிருக்கும். பள்ளிக்கூடம் போகாத ஒரு பொம்பளையின் பெயரில் தேதியோடு கிடைக்கிற காகிதம் பெரும்பாலும் அது ஒன்றுதான். எங்கள் ஆயாவின் தகரப் பெட்டியில் இருந்த சீட்டுகளைத் தேதிப்படி அடுக்கினேன். ஜூன் மாசச் சீட்டுகள் பள்ளிக்கூடத்துக்காக, ஐப்பசிச் சீட்டு தீபாவளிக்காக. ஒரே ஒரு ஜோடி கம்மல் வருஷாவருஷம் போய்த் திரும்பி வந்திருக்கிறது. மூக்குத்தி மட்டும் எந்தச் சீட்டிலும் இல்லை. எவ்வளவு முடை வந்தாலும் அதை ஆயா கழற்றவில்லை. அது அதன் அம்மா போட்டது. இதை ஆயா வாயால் ஒருநாளும் சொன்னதில்லை.

இனி மீன் குழம்பு. இதற்குத்தான் நிறைய நேரம் ஒதுக்க வேண்டும். ஏனென்றால் கை ருசி தெரிந்த தலைமுறையும் வயசாகிக்கொண்டிருக்கிறது.

"ரெசிபி என்ன?" என்று பெரியம்மாவைக் கேட்டால் "எலுமிச்சங்கா அளவு புளி, கைப்பிடி தூள், கண்ணளவு உப்பு" என்றுதான் வரும். சமைக்கச் சொல்லுங்கள். ஆயா வைத்த அதே சட்டியில், அதே கரண்டியோடு. அவர் கையில் அள்ளியதைச் சட்டியில் போடுமுன் ஒரு தட்டில் போடச் சொல்லி எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குறுக்கே பேசாதீர்கள், கை தானாக ஓடட்டும். மீன் எங்கே வாங்கினது என்பதும் ருசியில் சேர்ந்தது. காசிமேட்டுக்கு விடியற்காலையில் ஆயாவே போவாரா, கூடைக்காரம்மா வீட்டுக்கே வருவாரா? கூடைக்காரம்மா என்றால் அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். பல வருஷம் ஒருவர் வீட்டு வாசலில் குந்தி மீன் அறுத்துக் கொடுத்தவருக்கு அந்த வீட்டைப் பற்றித் தெரிந்தது சொந்தக்காரர்களுக்குக்கூடத் தெரியாது. மாங்காய் போட்ட குழம்பு எந்த மாசம், நெத்திலி எப்போது, சுறாப் புட்டு பிள்ளை பெற்ற எந்த மகளுக்கு என்று கேளுங்கள். இப்போது கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போவதில்லை. இந்தத் தடைக்காலம் 2001-ல் வந்தது. முதலில் 45 நாளாக இருந்தது, 2017-லிருந்து 61. ஆயா குடித்தனம் ஆரம்பித்த காலத்தில் இது கிடையாது. ஆகவே சித்திரை, வைகாசியில் அப்போது அடுப்பில் என்ன வெந்தது, பின்னாளில் கருவாட்டுக்கு எப்போது மாறினார் என்பதெல்லாம் உங்கள் வீட்டுச் சரித்திரம்.

குழம்பை விடவும் ஆயாவின் கை அதிகம் தெரிவது வடகத்தில். வடசென்னையில் மீன் குழம்புக்கு வடகம் தாளிக்காவிட்டால் குழம்பே இல்லை. கத்திரி வெயில் ஆரம்பித்ததும் சின்ன வெங்காயத்தை மூட்டையாக வாங்கி, உரித்து, பூண்டோடு சேர்த்து ஒன்றிரண்டாக இடிப்பார்கள். ஊறவைத்த உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு சேர்த்துப் பிசைந்து இரவெல்லாம் பானையில் மூடி வைப்பார்கள். மறுநாள் உருண்டை பிடித்து மொட்டை மாடியில் பாயில் காய வைக்க வேண்டும். சாயங்காலம் உதிர்த்துப் பானையில் போட்டு, காலையில் மறுபடி பிடிக்க வேண்டும். இப்படியே நாள் கணக்கில். ஈரம் சுண்டின பிறகு விளக்கெண்ணெய் தொட்டுப் பிசைந்து, கடைசி உருண்டையாகப் பிடித்து நன்றாகக் காயவிடுவார்கள். அந்த எண்ணெய்தான் வருஷம் முழுக்கப் பூச்சி விழாமல் காப்பது. எங்கள் ஆயா உருண்டை பிடித்தால் ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் குழி ஒன்று இருக்கும். அத்தைகள் யாருக்கும் அது வராது. ஆயா போன பிறகு ஜாடியில் பாக்கி இருந்த உருண்டைகளை யாருக்கும் உடைக்க மனம் வரவில்லை. பெரியத்தைதான் "ஆயா சோறு போடத்தான் செஞ்சது" என்று தாளித்தார்.

உங்கள் வீட்டில் மாடி யாருக்குச் சொந்தம்? ஒண்டுக்குடித்தனமாக இருந்தால் எந்தக் குடித்தனத்துக்கு எந்தப் பக்கம் வெயில் என்று கட்டாயம் சண்டை நடந்திருக்கும். அதையும் எழுதுங்கள். ஆயாவைச் சாந்த சொரூபியாக்க வேண்டாம். எந்தப் பேரன்மேல் பாரபட்சம், எந்த மருமகளோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தார், யாரை மன்னிக்கவே இல்லை என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அவர். உயிரோடு இருப்பவர் மனம் நோகும் என்றால் அந்தப் பகுதியைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளலாம், எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

வடிவுடையம்மனுக்கு வருகிறேன். பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் சேர்ந்து வந்தால், காலையில் மீஞ்சூர் பக்கம் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூன்று அம்மனையும் பார்த்துவிட்டு வருவது நம் பக்கத்துப் பெண்களின் பழைய வழக்கம். உங்கள் ஆயா போயிருப்பார் என்றே நினைக்கிறேன். பக்தி என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, தெருப் பெண்களோடு, புருஷன் கூட இல்லாமல் பகல் முழுக்க பஸ் மாறி மாறிச் சுற்றுகிற நாள் அது. அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்கு வெளியூர்ப் பயணம் என்றால் இதுதான். கூடப் போனவர்கள் யார், வழியில் என்ன பேசிச் சிரித்தார்கள், திரும்பும்போது எங்கே டீ குடித்தார்கள் என்று கேளுங்கள். திருவொற்றியூரில் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் ஆதிபுரீஸ்வரரின் கவசத்தைக் கழற்றுவார்கள். அந்தக் கூட்டத்தில் எந்த வருஷம் யாரைத் தூக்கிக்கொண்டு நின்றார், என்ன வேண்டிக்கொண்டார்? 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர்வரை வந்துவிட்டது, தேரடியிலேயே ஸ்டேஷன். ஆனால் நீங்கள் ஒருமுறை டி.எச். ரோடு என்கிற திருவொற்றியூர் ஹை ரோடு வழியாக பஸ்ஸிலேயே போங்கள். ஆயா பார்த்துக்கொண்டு போன வழி அந்த ரோடுதான்.

இன்னொன்று. சாவு வீட்டில் ஒப்பாரி வைத்தார்களா? வைத்திருந்தால் ஆயாவின் கதையை முதலில் சொன்னவர்கள் அந்தப் பெண்கள்தான். பிறந்த வீட்டுச் சீர், வாழ வந்த கஷ்டம், புருஷன் போன நாள், வாய்க்குப் பிடித்த பண்டம் எல்லாம் வரிசையாக அதில் வந்திருக்கும். அழுகைக்கு நடுவில் நீங்கள் கவனித்திருக்க முடியாது. பாடினவரைத் தேடிப் போய், "அன்னிக்கு எங்க ஆயாவுக்கு இன்னா சொல்லி அழுதீங்க?" என்று கேளுங்கள். திருப்பிப் பாடச் சொல்லாதீர்கள். வீட்டுக்குள் சும்மா ஒப்பாரி வைக்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். வாயால் சொன்னால் போதும்.

எழுதும்போது ஆயா பேச்சைத் திருத்தாதீர்கள். "சோறு துன்னியா கண்ணு" என்று கேட்டவரை "சாப்பிட்டாயா கண்ணே" என்று கேட்க வைத்தால் வீட்டில் யாருக்கும் அது யாரென்று தெரியாது. நம் பேச்சைக் கொச்சை என்று சொல்லிச் சொல்லி நம்மையே கூச வைத்திருக்கிறார்கள். அந்தக் கூச்சத்தை ஆயாமேல் ஏற்ற வேண்டாம்.

யாரிடம் முதலில் போவது என்றால், ஆயாவின் தங்கை எண்ணூரில் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர் என்று எழுதியிருக்கிறீர்களே, அவரிடம்தான். உங்கள் அம்மாவுக்கு அம்மாவைத்தான் தெரியும். சின்ன ஆயாவுக்கு அக்காவைத் தெரியும், பாவாடை கட்டிய பிள்ளையாகத் தெரியும். காலையில் போங்கள், மத்தியானத்துக்கு மேல் பெரியவர்கள் அசந்துவிடுவார்கள். கேள்வித்தாள் எடுத்துப் போகாதீர்கள். "ஆயாவுக்குச் சின்ன வயசுல எது புடிக்கும்?" என்று ஒரு கேள்வி போதும், மற்றது தானாக வரும்.

அதற்கும் முன்னால், இன்றே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வீட்டில் எல்லார் போனிலும் ஆயா அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். "மீன் வாங்கி வெச்சிக்கிறேன், வந்துட்டுப் போ" என்ற அளவுக்குத்தான் இருக்கும், அது போதும். போன் மாற்றும்போது இப்படி ஆயா குரலையே தொலைத்த குடும்பங்கள் பல எனக்குத் தெரியும். கிடைப்பதையெல்லாம் தனியாக இறக்கி, தேதியும் யாருக்கு அனுப்பியது என்பதும் பெயரில் போட்டு, ரெண்டு இடத்தில் வையுங்கள். மாமா பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போகிறார் என்றால் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள்.